ஆயிலைத் தள்ளுவது எது?

மக்காச்சோளம் அடித்து மூட்டை கட்டும் நாட்களில் நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள களங்களில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். மரவள்ளி பிடுங்கும்போது அதே லாரிகள் கிழங்கை ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஓடும். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளுக்குப் போகும். சின்னசேலம் வட்டத்தின் விளைச்சலைச் சுமக்கும் இந்த வண்டிகளில் இருபது, இருபத்தைந்து வயதைத் தாண்டிய டாட்டாக்கள் இன்னமும் கண்ணில் படுகின்றன. அவற்றுக்குள் இருக்கும் இன்ஜினை 697 என்பார்கள். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 5,675 கன சென்டிமீட்டர். ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் செய்த ஓஎம்352 இன்ஜினுக்கும் இதே அளவுகள்தான். டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது, 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. ஆனால் அந்த வடிவமைப்பின் வம்சாவளி நம் சாலைகளில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது, இன்றும் ஓடுகிறது.

கனமான வார்ப்பிரும்பு, எளிய அமைப்பு, ஊர்ப் பட்டறையிலேயே பிரித்துக் கோக்கலாம். இவ்வளவு நல்ல இன்ஜினுக்கு வயதானபின் ஒரே ஒரு தீராத புகார்: ஆயில் ஒழுகல். வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்பு வட்டம். உரிமையாளர் டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றுவார், சம்ப் பேக்கிங்கை மாற்றுவார். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும் முன் இன்ஜினைக் கழுவி, பெயின்ட் அடித்து, பளபளப்பாக்குவார். இரண்டு மாதத்தில் மறுபடியும் ஒழுகும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. பழைய டீசல் இன்ஜினில் ஆயில் எந்த வழியாக வருகிறது என்பதோடு, அதை வெளியே தள்ளுவது எது என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் பேக்கிங் மாற்றுவது காசைக் கரியாக்குவது என்றே நினைக்கிறேன்.

இன்ஜினுக்குள் ஆயில் மூன்று விதமாக இருக்கிறது. ஆயில் பம்ப் தள்ளும் அழுத்தத்தில், வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்று நான்கு மடங்கில், பில்டருக்கும் பேரிங்குகளுக்கும் கம்ப்ரஸருக்கும் ஓடுவது ஒன்று. கிராங்க் சுழலும்போது தெறித்து, டேப்பட் கவருக்கும் டைமிங் கவருக்கும் உள்பக்கம் வழிந்து, சம்ப்பில் வந்து தேங்குவது இரண்டாவது. சூட்டில் நுண்துளிகளாகிப் புகையோடு மிதப்பது மூன்றாவது. முதல் வகை ஆயில் வெளியே வர வழி கிடைத்தால் பீய்ச்சியடிக்கும். பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய பைப்பில் ஒரு விரிசல் விழுந்தாலே போதும், ஒரு நடையிலேயே சம்ப் வற்றிவிடலாம். அது உடனே கண்ணில் பட்டுவிடும், சரி செய்துவிடலாம். நம்மைப் படுத்துவது மற்ற இரண்டும்தான். அவற்றுக்குப் பின்னால் பம்ப் இல்லை, சொந்தமாக விசையும் இல்லை. அப்படியானால் அவை வெளியே வர வேறு ஏதோ தள்ள வேண்டும்.

இடுக்கு வழியாக ஒரு திரவம் கசியும் அளவை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தள்ளும் அழுத்தம், திரவத்தின் பிசுக்கு, இடுக்கின் உயரம். அழுத்தம் இரட்டித்தால் கசிவும் இரட்டிக்கும். பிசுக்கு பாதியானாலும் கசிவு இரட்டிக்கும். இடுக்கு அப்படியல்ல. அதன் உயரம் இரட்டித்தால் கசிவு எட்டு மடங்காகும், மும்மடங்கானால் இருபத்தேழு மடங்கு. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு பேக்கிங் தளர்ந்தாலும் கசிவு ஏன் திடீரென்று பெருகுகிறது என்பதற்கு இந்தக் கன விதிதான் காரணம். பிசுக்கின் பங்கும் சிறிதல்ல. லாரிகளில் ஊற்றும் 15டபிள்யூ40 ஆயிலின் பிசுக்கு 40 டிகிரி செல்சியஸில் சுமார் 110 சென்டிஸ்டோக்ஸ், 100 டிகிரியில் சுமார் 15. அதாவது ஆறின ஆயிலைவிடச் சூடான ஆயில் ஏழு மடங்கு எளிதாக இடுக்கில் நுழைகிறது. காலையில் களத்தில் நிற்கும் லாரியைக் குனிந்து பார்த்து “ஒழுகலையே” என்று முடிவு கட்டுவது இதனால்தான் ஏமாற்றிவிடும்.

பட்டறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

“எங்கருந்து வருதுன்னே தெரியலண்ணே. சம்ப் பேக்கிங் போன மாசம்தான் மாத்துனது. மறுபடியும் சம்ப்புலதான் சொட்டுது.”

“சம்ப்புல சொட்டும் தம்பி, கீழ இருக்கறது அதுதானே. மேல எங்க நனஞ்சிருக்குன்னு பாரு.”

ஓட்டு வீட்டில் மழை ஒழுகும்போது சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருப்பது அபூர்வம். தண்ணீர் கைமரத்தின் வழியே ஓடிவந்து வேறெங்கோ சொட்டும். இன்ஜினில் இந்தப் பயணம் இன்னும் சிக்கலானது. ஆயில் புவியீர்ப்பில் கீழே இறங்குவதோடு நிற்பதில்லை. ரேடியேட்டர் பேன் அடிக்கும் காற்றும் வண்டி ஓடும் வேகமும் அதைப் பின்னால் தள்ளுகின்றன. முன்பக்க டைமிங் கவரில் கசிந்தது சம்ப்பின் பின்மூலையில் போய்ச் சொட்டும். டேப்பட் கவரின் முன்மூலையில் கசிந்தது இன்ஜினின் ஒரு பக்கம் முழுவதையும் நனைத்து, பின்னால் பெல் ஹவுசிங்கில் வழியும். அதைப் பார்த்து கிராங்க்கின் பின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கிய கதைகள் நிறைய. ஆகவே மேலே பார்ப்பதோடு முன்னாலும் பார்க்க வேண்டும். நனைந்த பகுதியில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும்தான் ஊற்றுக்கண்.

அந்தப் புள்ளியைக் காண இன்ஜின் சுத்தமாக இருந்தாக வேண்டும். பத்து வருட ஆயிலும் செம்மண் புழுதியும் சேர்ந்து விரற்கடை கனத்துக்கு மேலோடு கட்டியிருக்கும் இன்ஜினில் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆறிய இன்ஜினில் ஏர் பில்டரின் வாயையும் ஆல்டர்நேட்டரையும் செல்ப் மோட்டாரையும் பிரீதரையும் பாலித்தீன் சுற்றி மூட வேண்டும். டீசலும் பிரஷும் கொண்டு ஊறவைத்துத் தேய்த்து, சோப்புத்தூள் தண்ணீரில் கழுவி, கம்ப்ரஸர் காற்றால் ஊதிக் காயவைக்க வேண்டும். பேக்கிங் இடுக்குகளில் தங்கிய ஈரத்தைப் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் அரை நாள் பிடிக்கும். பல சமயம் இந்த அரை நாள்தான் மொத்த வேலையிலேயே மிகப் பயனுள்ள பகுதி.

காய்ந்த இன்ஜினில் சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரையோ சாக்குக்கட்டித் தூளையோ மெல்லத் தூவிவிட்டு, வண்டியைச் சூடேறும்வரை ஓட்டிப் பார்க்கலாம். கசியும் இடத்தில் வெள்ளைத்தூள் கறுத்து ஒரு கோடு இறங்கும். கோட்டின் மேல்நுனிதான் நாம் தேடுவது. இந்த எளிய உத்திக்குப் பின்னால் ஒரு பெரிய மரபு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரயில்வே பட்டறைகளில் அச்சுகளிலும் இரும்புப் பாகங்களிலும் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க இதையே செய்தார்கள். அழுக்கு ஆயிலையும் மண்ணெண்ணெயையும் கலந்து அதில் பாகத்தை ஊறவைப்பார்கள், துடைப்பார்கள், மேலே ஆல்கஹாலில் கலக்கிய சுண்ணக்கட்டித் தூளைப் பூசுவார்கள், பிறகு சுத்தியலால் தட்டுவார்கள். விரிசலுக்குள் பதுங்கியிருந்த ஆயில் வெளியே எட்டிப்பார்த்து வெள்ளையில் கறை போடும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்விட்சர் சகோதரர்கள் புற ஊதா வெளிச்சத்தில் மின்னும் சாயத்தை இந்தச் சோதனைக்குள் கொண்டுவந்தார்கள். விமானப் பாகங்களைச் சோதிக்கும் பெரிய தொழில்நுட்பமாக அது வளர்ந்தது. இன்று ஆயிலில் ஊற்றவே அப்படிப்பட்ட சாயம் கிடைக்கிறது. ஆனால் பழைய டீசல் இன்ஜினில் ஆயில் கரியேறிக் கறுத்திருக்கும், சாயத்தின் மினுக்கத்தை அந்தக் கரி விழுங்கிவிடும். இந்த வண்டிகளுக்குப் பவுடர்தான் என் தேர்வு.

சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் சொட்டினால் அது கிராங்க் பின் சீலாகவும் இருக்கலாம், கியர்பாக்ஸின் முன் சீலாகவும் இருக்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாகப் பரவினால் இன்ஜின். தேன்போலக் கனத்து, மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். தாளில் சட்டென்று விரிந்து, ஓரத்தில் மெல்லிய வளையம் கட்டி, டீசல் மணம் அடித்தால் டீசல் கசிவு. டீசல் வெளியே கசிவதைவிட உள்ளே கசிவது மோசம். டீசலை ஏற்றும் பீட் பம்ப்பின் வழியாக டீசல் சம்ப்பில் இறங்கினால் ஆயிலின் பிசுக்கு குறையும், அளவுக்கம்பியில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறும் இன்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும்.

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு, ஆயிலைத் தள்ளுவது எது என்பதற்கு, வருவோம்.

டீசல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 60, 70 மடங்குக்கு எகிறுகிறது. பிஸ்டன் ரிங்குகள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. எந்த ரிங்கும் முழுவதுமாகத் தடுப்பதில்லை. புது இன்ஜினிலும் கொஞ்சம் வாயு ரிங்குகளின் வாயிடுக்கு வழியாகக் கீழே, கிராங்க் அறைக்குள் இறங்கும். அதை வெளியேற்றத்தான் பிரீதர் இருக்கிறது. ரிங்கும் லைனரும் தேயத் தேய இந்த வாயு பெருகும். பட்டறைகளில் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிரீதர் தாங்கும் அளவைத் தாண்டினால் கிராங்க் அறையில் அழுத்தம் கட்டும். அப்போது இன்ஜினில் இருக்கும் ஒவ்வொரு பேக்கிங்கும் ஒவ்வொரு சீலும் ஒரே சமயத்தில் உள்ளிருந்து வெளியே தள்ளப்படும். அதில் எது பலவீனமோ அது முதலில் விட்டுக்கொடுக்கும். அதை மாற்றினால் அடுத்தது விட்டுக்கொடுக்கும். பேக்கிங்கை மாற்றி மாற்றி அலுத்துப்போன உரிமையாளரின் கதை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இந்த அழுத்தத்தை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் போதும். இரண்டு மீட்டர் குழாயை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, அடியில் ஒரு முழத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை ஆயில் அளவுக்கம்பி நுழையும் துளையில் ரப்பர் கார்க் வைத்துக் காற்றுப் புகாமல் செருக வேண்டும். மறுமுனை திறந்தே இருக்கட்டும். இன்ஜின் ஓடும்போது ஒரு பக்கத் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரு மட்டங்களுக்கும் இடையிலான உயர வித்தியாசம்தான் கிராங்க் அறையின் அழுத்தம். தண்ணீர் துள்ளிக்கொண்டே இருந்தால் கார்க்கில் ஊசித் துளையாக விட்டால் அடங்கும். குழாயை அளவுக்கம்பித் துளையைவிட உயரமான வளைவாகக் கட்ட வேண்டும், தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது.

எவ்வளவு வரலாம் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஆனால் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிராம் எடை. டேப்பட் கவர் 60 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால் அதைத் தூக்கும் விசை 9 கிலோ. ஆயில் தண்ணீரைவிட இலேசானது என்பதால் அதே அழுத்தம் ஆயிலில் சுமார் 11.5 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சமம். சம்ப்பின் ஆயில் மட்டத்தை நான்கு விரற்கடைக்கும் மேலாக உயர்த்தியதுபோன்ற விளைவு அது. வழக்கமாக ஆயில் எட்டாத உயரத்தில் இருக்கும் இடுக்குகூட இப்போது ஆயிலுக்குள் மூழ்கியதுபோல் ஆகிவிடுகிறது.

கல்வராயன் மலைக்கு ஏறும் வண்டியில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் வளைவுகளும் மேடுகளும் விடாமல் வரும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். சம்ப்பின் நீளம் 80 சென்டிமீட்டர் என்றால், மேட்டில் வண்டி மூக்கைத் தூக்கும்போது ஆயில் பின்பக்கம் சாய்ந்து, பின்சுவரில் சுமார் 3 சென்டிமீட்டர் உயரும். ஆயில் கிராங்க்கின் பின் சீலை நோக்கி ஏறுகிறது. அதே நேரம் முழுச் சுமையில் இன்ஜின் இழுப்பதால் எரி அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயுவும் உச்சத்தில் இருக்கும். ஆயில் சூடேறிப் பிசுக்கு இளகியிருக்கும். கசிவுக்கு வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் கூடுகின்றன. நைனார்பாளையத்தின் சமதரையில் சொட்டுக்கூட விடாத லாரி மலையேறியதும் ஒழுக ஆரம்பிப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கசிவைச் சோதிக்கவும் அதே மேடுதான் சரியான இடம். குழாயை நீளமாக விட்டு, பலகையைக் கேபினுக்குள் வைத்து, கிளீனர் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தால் சுமையில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பது தெரிந்துவிடும்.

அழுத்தம் கூடியிருந்தால் உடனே இன்ஜின் வேலைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் பிரீதர். அதனுள் இருக்கும் கம்பி வலை ஆயில் பிசினும் புழுதியும் படிந்து அடைத்திருக்கும். டீசலில் ஊறப்போட்டுக் கழுவினாலே பல வண்டிகளில் கசிவு குறைந்துவிடும். அதன் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா, தொய்ந்து அடியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீசன் இல்லாமல் நெடுநாள் நின்ற வண்டியில் ஹோஸின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். புழுதி போகாமல் இருக்கட்டும் என்று துணி கட்டி வைப்பவர்களும் உண்டு. கேட்டால் நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொல்வார்கள், இன்ஜினுக்கு அது மூச்சை அடைப்பது.

அடுத்து, பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று: பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர். அதற்குள்ளும் பிஸ்டனும் ரிங்கும் உண்டு. அதற்கு ஆயில் கொடுப்பதும் இன்ஜின்தான், அந்த ஆயில் திரும்புவதும் கிராங்க் அறைக்குத்தான். கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்தால் அது அழுத்தும் காற்றும் ஆயில் திரும்பும் வழியாக இன்ஜினுக்குள் வந்து சேரும். இன்ஜினின் ரிங் நன்றாக இருக்கும்போதே பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது என்று தவறான தீர்ப்பு வந்துவிடும். டேங்கில் காற்று நிறைந்து அன்லோடர் ‘புஸ்’ என்று விட்டதும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி கம்ப்ரஸர். காற்று டேங்கின் அடித்துளையைத் திறக்கும்போது தண்ணீரோடு ஆயிலும் வந்தால் அது இன்னொரு சாட்சி. டர்போ உள்ள வண்டியில் டர்போவின் சீலும் இதே போல வாயுவை உள்ளே விடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் ரிங்கும் லைனரும் மாற்றும் நாள் வந்துவிட்டது. அதுவரை பேக்கிங்குக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் தள்ளிப்போடுவதற்கான விலைதான்.

தள்ளும் விசையை அடக்கிய பின் அடைக்கும் வேலை எளிது. ஆனால் அங்கேயும் விஞ்ஞானத்தை மதிக்க வேண்டும். டேப்பட் கவருக்கும் சம்ப்புக்கும் கார்க் பேக்கிங் போட்டிருக்கும். போல்ட் என்பது இழுபட்ட ஒரு ஸ்பிரிங். அது திரும்பச் சுருங்க முயலும் விசையில்தான் பேக்கிங் நெரிபட்டு இடுக்கை மூடுகிறது. நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கில் சுமார் 90 சதவீதம் தலைக்கடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடும். பத்தில் ஒரு பங்குதான் இறுக்கமாக மாறும். ஆகவே கைக்கு எவ்வளவு முறுக்கினோம் என்று தெரிந்தாலும், பேக்கிங்குக்கு எவ்வளவு கிடைத்தது என்று தெரியாது. ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் முறுக்கினால் சம்ப்பின் தகடு போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மேடாகும். அங்கே இடுக்கு பெரிதாகும், கன விதி தன் வேலையைக் காட்டும். கழற்றிய தகட்டை ஒரு மட்டமான இரும்பின் மேல் வைத்துத் துளைகளைச் சுற்றித் தட்டி நேராக்காமல் புதுப் பேக்கிங் போடுவதில் அர்த்தமே இல்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபக்கமும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு நடை ஓடி ஆறியபின் கார்க் கொஞ்சம் அமர்ந்திருக்கும், மறுபடி ஒருமுறை மெல்ல இறுக்க வேண்டும்.

பேக்கிங்குக்குப் பதிலாகவோ அதற்கு மேலாகவோ சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் நல்ல பொருள். அது காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வினைபுரிந்து ரப்பராகிறது. இந்த வினை வெளியிலிருந்து உள்ளே நகரும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு. தடவிய ஒரு மணி நேரத்தில் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் உள்ளே அது இன்னமும் களிம்பாகவே இருக்கும். அதிகமாகத் தடவினால் உள்பக்கம் பிதுங்கியது துண்டு துண்டாகப் பிய்ந்து சம்ப்பில் விழும், ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டும். ஒழுகலை நிறுத்தப்போய் பேரிங்குக்கு ஆயில் போகாமல் செய்துவிடும். மெல்லிய ஒரு கோடு, ஒவ்வொரு போல்ட் துளைக்கும் உள்பக்கமாகச் சுற்றி வந்தால் போதும். இரு முகங்களிலும் ஒரு பொட்டு ஆயில்கூட இருக்கக் கூடாது.

ஆயில் பைப்புகளின் முனையில் இருக்கும் செம்பு வாஷர்களை அப்படியே திரும்பப் போட்டால் கசியும். ஒருமுறை நெரிபட்ட செம்பு கடினமாகிவிடுகிறது, அதன் படிகங்கள் உருக்குலைந்து இடம்பெயர மறுக்கின்றன. கேஸ் அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் படிகங்கள் புதிதாக உருவாகி, வாஷர் மறுபடி மெத்தென்றாகிவிடும். எஃகாக இருந்தால் தண்ணீரில் போடுவது கடினமாக்கும், செம்புக்கு அந்தப் பயம் இல்லை.

கிராங்க்கின் முன்னும் பின்னும் உள்ள ஆயில் சீல்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாகம். அதன் ரப்பர் உதடு சுழலும் அச்சை அழுத்திக்கொண்டிருப்பது போலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு ஆயில் படலம் இருக்கிறது. உதட்டின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் அச்சு சுழலும்போது ஒருபக்கமாக வளைந்து, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை ஓயாமல் உள்ளே இறைக்கின்றன. நல்ல சீல் ஓர் அணை மட்டுமல்ல, ஒரு பம்ப்பும்கூட. இந்த இறைப்புக்கு அச்சின் முகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். சீல் மாற்றும்போது அச்சை எமெரித் தாளால் தேய்ப்பது வழக்கம். அச்சில் சாய்வாக இழுத்துத் தேய்த்தால் திருகு மரை போன்ற நுண்கோடுகள் விழும், அவை சுழற்சியில் ஆயிலை வெளியே இறைக்கலாம். அப்போது புது சீல் முதல் நாளே ஒழுகும், கடைக்காரர் திட்டு வாங்குவார். சுற்றுவாக்கில் மட்டுமே தேய்க்க வேண்டும்.

நெடுநாள் ஓடிய அச்சில் உதடு பட்ட இடத்தில் ஒரு வளையப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை அச்சின் நீளவாக்கில் ஓட்டினால் தட்டுப்படும். அதே இடத்தில் புது சீலின் உதட்டை உட்காரவைத்தால் பயனில்லை. சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தலாம், இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். ரப்பரின் வகையும் முக்கியம். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நெடுநாள் தாங்காது, இறுகி, கண்ணாடிபோல விரிசல் விடும். விட்டான் வகை 200 டிகிரி வரை தாங்கும், விலையும் அதற்கேற்ப. தோராயமாகச் சூடு 10 டிகிரி ஏறினால் ரப்பர் கிழமாகும் வேகம் இரட்டிக்கும். ஆயிலின் சூடு 90லிருந்து 110க்கு ஏறினால் சீலின் ஆயுள் நாலில் ஒரு பங்கு. ரேடியேட்டர் அடைத்த வண்டியில் சீல்கள் அடிக்கடி போவதற்கு இதுதான் வேர். சீலை வீங்கவைத்து ஒழுகலை நிறுத்தும் என்று டப்பாக்களில் விற்கும் திரவங்கள், இறுகிப்போன ரப்பரைச் சில காலம் இளக்கலாம். பள்ளம் விழுந்த அச்சையும் உள்ளே கட்டிய அழுத்தத்தையும் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

கொஞ்சம் ஒழுகினால் என்ன என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு, லிட்டர் கணக்கில் ஆயில். மட்டம் குறைந்த சம்ப்போடு மேட்டில் ஏறும்போது ஆயில் ஒருபக்கம் சாய, பம்ப் காற்றை உறிஞ்சும் ஆபத்து உண்டு. அந்தச் சில நொடிகள் போதும், பேரிங் போய்விடும். பின் சீலில் கசிந்த ஆயில் கிளட்ச் பிளேட்டை நனைத்தால், சரியாகக் கொண்டை ஊசி வளைவில் முழு லோடோடு இருக்கும்போது கிளட்ச் நழுவும். டேப்பட் கவரின் கசிவு எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் மேல் விழுவது இன்னும் ஆபத்து. மலையேற்றத்தில் அந்த இரும்பின் சூடு 400 டிகிரியைத் தாண்டலாம். ஆயிலின் ஆவி பற்றிக்கொள்ள அந்தச் சூடே போதும். மேனிபோல்ட் பக்கத்துக் கசிவை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மற்றவற்றை வேண்டுமானால் சீசன் முடியும்வரை பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்துக்கொள்வதற்கு ஒரு நோட்டு போதும். டீசல் கணக்கு எழுதும் நோட்டிலேயே, எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு ஆயில் ஊற்றினோம் என்று ஒரு பத்தி சேர்த்துவிடலாம். மண்ணில் கறை குறைந்தும் ஊற்றும் அளவு குறையவில்லை என்றால் ஆயில் வெளியே ஒழுகவில்லை, உள்ளே எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா என்று பார்த்தால் அதுவும் உறுதியாகிவிடும். கண்ணாடிக் குழாயின் அளவையும் ஆண்டுக்கு ஒருமுறை, எஃப்.சி.க்குக் கழுவும் அன்றே எடுத்து அதே பக்கத்தில் எழுதி வைக்கலாம். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால்.